கூரையில் கிடக்கிறவரை சரி, கட்டிங் மெஷின் வந்தால்தான் வினை

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலையில் இருக்கிறவன் நான், அதனால் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிற ஒரு சாமானைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தமிழில் கல்நார், கல்தான், ஆனால் நார் நாராகப் பிரியும். ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட், இந்த நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறவரை அது யாரையும் பெரிதாக ஒன்றும் செய்யாது, அதனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கூரையைப் பிரிக்க ஆள் கூப்பிடாதீர்கள்.

போன ஆடியில் எங்கள் தெருவில் ஒரு மாடியில் ஷீட் அறுத்தார்கள். காற்று சும்மா இருக்குமா? பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த நீலப் பள்ளிக்கூடப் பாவாடை மேல் மாவு சலித்த மாதிரி வெள்ளை. அறுத்த பையன் மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. “சிமெண்ட் தூசிதானே சார், தட்டினா போயிடும்” என்றான். தட்டினால்தானப்பா மூக்குக்குள் போகும்!

அன்றைக்கு இருமல்கூட வராது, அதுதான் சிக்கலே. அந்தத் தூசியில் இருக்கும் நார் உள்ளே போய் நுரையீரல் உறையில் வரவைக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20, 30, ஏன் 40 வருஷம்கூட ஆகும். 1995-ல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது இதனால்தான். சரி, நம் மாடியில் அறுக்கிற பையனுக்கு எந்தப் பதிவேடு?

விரிசல் விடாத ஷீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பாசி பிடித்தால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், பிரஷர் பம்பும் வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள், மேலிருந்து வீசக் கூடாது. அப்புறம், ஷீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு. மூக்குக்குத் துண்டும் துணி மாஸ்க்கும் உதவாது. நுண்தூசியையும் தடுக்கிற பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் முகமூடி வேண்டும். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். போட்ட சட்டையை வீட்டில் உதறவே கூடாது, துவைக்கிறவருக்கும் அதே தூசிதான்.

அந்த மாடியில் மிஞ்சிய துண்டுகளைத் தெருமுனைப் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள், வண்டி ஏற ஏற நொறுங்கிக்கொண்டிருந்தது. அதே பையனைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு முகமூடி, ஒரு குடம் தண்ணீர், அள்ளி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.