ஆளைக் காட்டுங்க

வணக்கம். இன்னிக்கு கொஞ்சம் கனமான விஷயம். எமர்ஜென்சி. இந்திரா காந்தி, சஞ்சய் காந்தி, ஜெயப்பிரகாஷ் நாராயண் கதையெல்லாம் நீங்க நிறைய கேட்டிருப்பீங்க. அதைத் திரும்ப ஓட்டப் போறதில்ல. ஒரு கோர்ட்டுக்குள்ள நடந்த ஒரு சின்னப் பேச்சுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ஆட்கொணர்வு மனு. பேரு பெருசா இருக்கே தவிர, விஷயம் ரொம்ப எளிமை. "என் பையனைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. எங்க வச்சிருக்கீங்க? எதுக்கு வச்சிருக்கீங்க? ஆளைக் காட்டுங்க." அவ்ளோதான். பெத்தவங்க, பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்க, யார் வேணாலும் போய்க் கேட்கலாம். ஒரு அரசாங்கத்துக்கிட்ட சாதாரண ஆள் கேட்கக்கூடிய கடைசிக் கேள்வி இது.

1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி வருது. ரெண்டே நாள்ல, 27-ஆம் தேதி, ஜனாதிபதி உத்தரவு ஒண்ணு. அரசியல் சட்டத்துல உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கிற 21-ஆவது பிரிவை வச்சு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு. அப்புறம் விசாரணையே இல்லாம உள்ள வைக்கிற மிசா சட்டத்துல ஆளுங்களைக் கொத்துக் கொத்தா அள்ளுறாங்க. குடும்பங்க சும்மா இருக்கல, ஹை கோர்ட் படி ஏறுனாங்க. இங்க ஒரு விஷயம், இதைப் பத்தி நாம பேசறதே இல்லன்னு எனக்கு வருத்தம்: நாட்டுல ஒன்பது ஹை கோர்ட்டுங்க "கேட்கலாம், நாங்க விசாரிப்போம்"னு சொல்லிச்சு. அந்தக் காலத்துல அரசாங்கத்துக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதின நீதிபதிகளை வேற மாநிலத்துக்குத் தூக்கி அடிச்சாங்க. அப்படியும் எழுதினாங்க.

அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஏடிஎம் ஜபல்பூர் வழக்கு. அஞ்சு நீதிபதிங்க. அரசாங்கத்துக்காக அட்டர்னி ஜெனரல் நிரேன் டே வாதாடறார். அப்ப நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்கிறார். 21-ஆவது பிரிவுல சுதந்திரம் மட்டும் இல்லையே, உயிரும் இருக்கே, உங்க வாதம் அதுக்கும் பொருந்துமா? டே பதில் சொல்றார்: சட்டவிரோதமா உயிரே போனாலும், எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் கோர்ட்டால ஒண்ணும் பண்ண முடியாது.

இதை மொதல்ல படிச்சப்ப நான் திரும்ப ரெண்டு தடவை படிச்சேன். ஒரு வக்கீல், திறந்த கோர்ட்ல, நீதிபதி முகத்தைப் பார்த்து இதைச் சொல்றார். மத்த நாலு நீதிபதியும் அதைக் கேட்டுட்டுத்தான் உட்கார்ந்திருந்தாங்க.

தீர்ப்பு 1976 ஏப்ரல் 28. நாலுக்கு ஒண்ணு. நாலு பேரு அரசாங்கம் பக்கம். ஒத்தை ஆளா கன்னா. தீர்ப்புக்கு முன்னாடி ஹரித்வார்ல கங்கைக் கரையில உட்கார்ந்து, கூட இருந்த சகோதரிகிட்ட சொல்லியிருக்கார், நான் எழுதியிருக்கிற தீர்ப்பால தலைமை நீதிபதி பதவி எனக்குக் கிடைக்காதுன்னு. எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. கோபத்துல எழுதல, கைதட்டுக்காக எழுதல. என்ன விலைன்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு எழுதியிருக்கார். கணக்கு தப்பல. 1977 ஜனவரியில அவரைத் தாண்டி, அவருக்கு ஜூனியரான எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆனார். கன்னா ராஜினாமா பண்ணிட்டார்.

அந்த நாலு பேர்ல ஒருத்தரான பெக் இதே வழக்குல என்ன எழுதினார் தெரியுமா? உள்ள இருக்கிறவங்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு, கிட்டத்தட்ட தாய் பிள்ளையைப் பார்க்கிற மாதிரின்னு. தாய் மாதிரி! அடுத்த சில நாள்லயே நடிகை சினேகலதா ரெட்டியைப் பிடிச்சு பெங்களூர் ஜெயில்ல போட்டாங்க. கடுமையான ஆஸ்துமா அவங்களுக்கு. 1977 ஜனவரியில வெளிய விட்டாங்க, விட்ட சில நாள்லயே இறந்துட்டாங்க.

சரி, கன்னா எழுதினதால ஒருத்தர் கூட அன்னிக்கு வெளிய வரல. அதை மறைச்சுட்டு அவரை ஹீரோவாக்க எனக்கு இஷ்டம் இல்ல. எமர்ஜென்சியை முடிச்சது 1977 மார்ச் தேர்தல், கோடிக்கணக்கான ஓட்டு. அதுலயும் ஒரு நெருடல் இருக்கு. வடக்குல இந்திரா காந்தியே ரேபரேலியில தோத்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல? காங்கிரஸ் இருந்த கூட்டணிதான் பெரும்பாலான தொகுதியை அள்ளிச்சு. இத்தனைக்கும் 1976 ஜனவரி 31-ல இங்க ஆட்சியையே கலைச்சு, ஆளுங்களை மெட்ராஸ் சென்ட்ரல் ஜெயில்ல போட்டு அடிச்சிருந்தாங்க. மக்கள் எழுந்தாங்கன்னு மொத்தமா சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும்.

இப்ப கேரளா. ஈச்சர வாரியர்னு ஒரு இந்திப் பேராசிரியர். அவர் பையன் ராஜன், கோழிக்கோட்டுல இன்ஜினியரிங் மாணவர். 1976 மார்ச் 1 விடியக்காலை போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. கக்கயம் போலீஸ் முகாமுக்கு. அப்பா ஒவ்வொரு கதவாத் தட்டினார். மந்திரிங்களைப் பார்த்தார், மனு மேல மனு எழுதினார். கோர்ட்டுக்கு மட்டும் போக வழியில்ல, அந்தக் கதவைத்தான் ஏப்ரல்ல சாத்திட்டாங்களே.

தேர்தல் முடிஞ்சு எமர்ஜென்சி போன அதே மார்ச்சுலயே கேரளா ஹை கோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டார். ஒரு வருஷமா அடக்கி வச்சிருந்த கேள்வி. ராஜன்னு யாரையும் நாங்க பிடிக்கவே இல்லன்னு அரசாங்கம் சொல்லிச்சு. கூட்டிட்டுப் போனதைப் பார்த்தவங்க இருந்தாங்க, முகாம்ல பார்த்தவங்களும் வந்து சொன்னாங்க. கோர்ட் நம்பினது அவங்களை. எமர்ஜென்சியில உள்துறை மந்திரியா இருந்த கருணாகரன் அப்பத்தான் முதலமைச்சர் ஆகியிருந்தார். ஒரே மாசம், பதவி போச்சு. ராஜன் முகாம்லயே செத்துட்டார்னு கடைசியில ஒத்துக்கிட்டாங்க. தேதியைப் பாருங்க, 1976 மார்ச் ஆரம்பம். பெக் "தாய் மாதிரி"ன்னு எழுதுறப்ப அந்தப் பையன் செத்து ஒன்றரை மாசத்துக்கு மேல ஆச்சு. கன்னா கேட்ட கேள்வி கற்பனைக் கேள்வியே இல்ல.

1978-ல அரசியல் சட்டத்துல 44-ஆவது திருத்தம் வந்துச்சு, இனிமே எமர்ஜென்சியிலயும் 21-ஐ முடக்க முடியாது. அந்த நாலு பேர் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் வெளிப்படையாத் தூக்கிப் போட்டது 2017 ஆகஸ்ட் 24-ல, தனியுரிமை பத்தின புட்டசாமி வழக்குல. எழுதினவர் டி.ஒய். சந்திரசூட். நாலு பேர்ல ஒருத்தரான ஒய்.வி. சந்திரசூட்டோட மகன்.

ஈச்சர வாரியர் கேட்டதுக்குப் பாதி பதில்தான் கிடைச்சுது. என்ன ஆச்சுன்னு சொன்னாங்க. ஆளை மட்டும் கடைசி வரைக்கும் காட்டல. ராஜனோட உடம்பு கிடைக்கவே இல்ல.