பானை ஓடுகளைத் தாத்தாவும் பார்க்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வரலாற்று அருங்காட்சியகங்களில் 'குழந்தைகள் நிகழ்ச்சி' என்று அறிவிப்பு இருக்கும். போய்ப் பார்த்தால், ஒரு மூலையில் நீள மேசை, கிரேயான் பெட்டி, ராஜா படம் அச்சடித்த தாள். பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிறார்கள். பெற்றோர் சுவரோரமாக நின்று கைபேசியைப் பார்க்கிறார்கள். பத்தடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய பானையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்ணம் தீட்டுவதில் தப்பில்லை. ஆனால் அதை வீட்டிலேயே செய்யலாமே?

குழந்தைகளுக்கென்றே உலகில் முதலில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் நியூயார்க்கில், புரூக்ளினில் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1899. 1960-களில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த மைக்கேல் ஸ்பாக், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்து, பிள்ளைகள் தொட்டு இயக்கிப் பார்க்கும்படி வைத்தார். வரலாற்று அருங்காட்சியகம் அந்த அளவுக்குப் போக முடியாது. கையில் இருக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பழைய உலோகத்தை அரிக்கும். உடைந்தால் வேறு வாங்கவும் முடியாது. அதனால் தொட்டுப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு தொகுப்பு வைத்துக்கொள்வார்கள். நகல்கள், ஒரே மாதிரி நிறையக் கிடைத்தவை, உடைந்த பானை ஓடுகள்.

என்னைக் கேட்டால், பானை ஓட்டைவிட நல்ல பாடம் கிடையாது. உள்பக்கம் விரலால் தடவினால் வரிவரியாக மேடு பள்ளம் தட்டுப்படும். அது சக்கரத்தில் வனைந்த தடம். வெளிப்பக்கம் கரி ஏறியிருந்தால் அடுப்பில் ஏறிய பானையாக இருக்கலாம். வாய் விளிம்பு உள்ள ஓடு கிடைத்தால் இன்னும் சுவாரசியம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தாளின் மேல் அந்த விளிம்பை வைத்து, எந்த வட்டத்தோடு வளைவு பொருந்துகிறது என்று பார்த்தால், முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். தொல்லியலாளர்கள் செய்வதும் இதேதான். எட்டு வயதுப் பிள்ளை செய்யலாம். கூட வந்த தாத்தாவும் செய்யலாம். "இல்லடா, கொஞ்சம் சாய்ச்சு வை" என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், நிகழ்ச்சி நடத்துபவர் பேசாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். குடும்ப நிகழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர்கள் ஒதுங்கி நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. "எனக்கே தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்ல?" என்ற கூச்சமும் உண்டு. விளக்கப் பலகையில் முப்பது வரி இருந்தால், அப்பா படித்து முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த அறைக்கு ஓடியிருக்கும். மூன்று வரியும், பொருளைப் பார்த்தே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியும் போதும். "இந்தக் கைப்பிடி யார் கைக்குப் பொருந்தும்?" என்பது மாதிரி.

வரலாறு என்றால் போரும் கொடுமையும்கூட. அதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் தன் முதன்மைக் காட்சியைப் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பரிந்துரைக்கிறது. சிறு பிள்ளைகளுக்காக 'டேனியலின் கதை' என்று தனியாக ஒரு காட்சி அமைத்தார்கள். டேனியல் கற்பனைச் சிறுவன். அவனுக்கு நேர்வதெல்லாம் உண்மைக் குழந்தைகளுக்கு நேர்ந்தவை. கோரமான படங்களைக் காட்டாமல், அவனுடைய வீட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாக அவன் இழப்பதைக் காட்டுகிறார்கள். பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. இந்த அளவு பிடிபடுவது எளிதல்ல.

அப்புறம், சத்தம். லண்டனில், மெக்சிகோவின் பழங்கால ஆஸ்டெக் மக்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை ஒரு சிலையைப் பார்த்து "பூதம்!" என்று கத்தியதற்காக, அந்தக் குடும்பத்தையே வெளியே அனுப்பிவிட்டார்கள். அம்மா பத்திரிகையாளர், சும்மா இருப்பாரா? அவர் எழுதியதிலிருந்துதான் 2003-இல் 'கிட்ஸ் இன் மியூசியம்ஸ்' (அருங்காட்சியகங்களில் பிள்ளைகள்) என்ற இயக்கம் பிறந்தது. சிலையைச் செய்தவர் அங்கே இருந்திருந்தால் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உட்கார இருக்கை, பக்கத்தில் கழிவறை, தள்ளுவண்டி போக வழி. இவை இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் நடக்காது. நேரத்தையும் கவனியுங்கள். 'சரியாகப் பத்து மணிக்கு' என்றால் கைக்குழந்தை உள்ள வீட்டில் யாராலும் வர முடியாது. காலையிலிருந்து மாலைவரை மேசை விரித்திருக்கட்டும், வருகிறவர்கள் வந்து சேரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் கொடுத்தாயிற்று என்பதற்காக எல்லா அறையையும் ஒரே நாளில் பார்த்துவிட ஓடாதீர்கள். பிள்ளை எந்தப் பெட்டி முன்னால் நிற்கிறதோ, அங்கேயே நீங்களும் நில்லுங்கள். நன்றி, வணக்கம்.