காலி இருக்கைகளும் மூடிய அறைகளும்: சந்தேகங்களுக்கு விளக்கம்

"மக்களவை நேரலையைப் பார்த்தால் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. 543 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோமே, மற்றவர்கள் எங்கே?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். சில நாள்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விதிப்படி பதில் சின்னது. மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் அவை நடக்கலாம். மக்களவைக்கு 55 பேர். குறைந்தால் மணி அடித்து அழைப்பார்கள். அப்படியும் வராவிட்டால் ஒத்திவைப்புதான்.

இந்தப் பதில் உங்கள் கோபத்தைத் தணிக்காது, தணிக்கவும் வேண்டாம். வராதவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அவையை மட்டும் பார்த்து நாடாளுமன்றத்தை எடை போடாதீர்கள். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். ஆமாம், ஒவ்வொரு துறையின் வேலையையும் அலசும் உறுப்பினர் குழுக்களான நிலைக்குழுக்கள்தான்! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1993-இல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்து, "ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை?" என்று கேட்கும் இடம் அது. கேமரா கிடையாது, கட்சி சொன்னபடி நடக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவும் கிடையாது. அதனால் ஆளுங்கட்சி உறுப்பினரே அதிகாரியைத் துருவித் துருவிக் கேட்க முடிகிறது.

பட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கலான பிறகு அவைக்குச் சில வாரம் இடைவெளி விடுகிறார்கள். அது ஓய்வுக்காக அல்ல. அப்போதுதான் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, அலசுகின்றன. அவை மீண்டும் கூடியதும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள்தாம் விவாதத்துக்கு வரும். மற்றவை கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்குப் போகும். 'கில்லட்டின்' என்பது இதைத்தான். அந்த அமைச்சகங்களின் செலவை வரி வரியாகப் படித்தவர்கள் குழுவில் இருந்தவர்கள் மட்டுமே.

அரசு செய்த செலவின் தணிக்கையை ஆராயும் பொதுக் கணக்குக் குழு இன்னும் பழையது, 1921-இல் பிறந்தது. 1967-இல் எதிர்க்கட்சியான சுதந்திராக் கட்சியின் மினு மசானி அதன் தலைவரானார். அன்றிலிருந்து அந்தப் பதவி எதிர்க்கட்சிக்கு என்பது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு நல்ல வழக்கம்!

நேயர் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: "இந்த மசோதா குழுவுக்குப் போனதா?" அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020-இல் மூன்று வேளாண் மசோதாக்கள் குழுவுக்குப் போகாமலே நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் போராடினார்கள். 2021 நவம்பர் 29 அன்று, அவற்றைத் திரும்பப் பெறும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளையும் தாண்டியது. முதலிலேயே விவசாயிகளைக் குழுவின் முன் அழைத்துக் கேட்டிருக்க வேண்டாமா? காலி இருக்கையைவிட இதுதான் என்னை வருத்துகிறது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்த நடவடிக்கை என்ன என்று மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் பதில் தர வேண்டும். அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, கூட்டத்துக்குப் போனாரா, அங்கே என்ன கேட்டார் என்று அவரிடமே கேளுங்கள்.