சீட்டு கேட்டுப் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தட்டச்சுக் கடை வைத்திருந்தவன் நான். முதலில் இரண்டு தட்டச்சு மிஷின், அப்புறம் ஜெராக்ஸ், அப்புறம் கம்ப்யூட்டர். பட்டா மனு, வேலைக்கு விண்ணப்பம், கல்யாணத்துக்கு அனுப்புகிற பயோடேட்டா என்று என்னவெல்லாமோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். மக்களவைத் தேர்தல் வருவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது இன்னொரு பயோடேட்டா வரும். கட்சியில் சீட்டு கேட்கிறவருடையது. கல்யாண பயோடேட்டாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதிலும் சாதி, உட்பிரிவு, சொத்து, குடும்பம் எல்லாம் உண்டு. கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஒருத்தரும் சொல்லி அனுப்பமாட்டார்கள். வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பயோடேட்டாக்காரர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஜெயித்தவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு.

நம்ம மாவட்டத்துக்கு மக்களவைத் தொகுதி ஒன்றே ஒன்றுதான். கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதியும் அதற்குள் அடக்கம். 2009 தேர்தலில் இருந்துதான் கன்னியாகுமரி என்ற பெயர்; அதற்கு முன்னால் நாகர்கோவில் தொகுதி. 1952 முதல் இதுவரை இந்தத் தொகுதியில் இருந்து டெல்லிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நேசமணி, தாணுலிங்க நாடார், காமராஜர், குமரி அனந்தன், டென்னிஸ், பொன். இராதாகிருஷ்ணன், பெல்லார்மின், ஹெலன் டேவிட்சன், வசந்தகுமார், விஜய் வசந்த். மொத்தம் பத்துப் பேர். டென்னிஸ் ஒருவரே 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தலில் ஜெயித்தார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பத்தே பேர் என்றால், கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பத்துப் பேரில் திமுக சின்னத்தில் ஜெயித்தவர் 2009-இல் ஹெலன் டேவிட்சன் ஒருவர்தான். இந்தத் தொகுதியில் இருந்து மக்களவைக்குப் போன ஒரே பெண்ணும் அவர்தான். அதிமுக ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சியிலும் விருப்ப மனு போட ஆள் உண்டு. 2024-இல் திமுகவில் விருப்ப மனுப் படிவம் 2,000 ரூபாய், கட்டணம் 50,000 ரூபாய். வேட்புமனுவோடு அரசாங்கத்துக்குக் கட்டுகிற டெபாசிட், பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவருக்கு 25,000 தான். தேர்தலில் நிற்கிறதை விட, நிற்கட்டுமா என்று கேட்கிறதுக்கு இரண்டு மடங்கு.

இது ஏமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். தங்களுக்குக் கிடைக்காது என்று மனுப் போட்டவர்களில் பாதிப் பேருக்குப் போடும்போதே தெரியும். "பேரு தலைமைக்குப் போகட்டும் அண்ணாச்சி, அடுத்தாப்ல உள்ளாட்சி வருதில்லா" என்பார்கள். சிலர் தலைவருக்கே சீட்டு தரவேண்டும் என்று தலைவர் பெயரில் மனுப் போடுவார்கள். அதற்கும் பணம் கட்ட வேண்டும். அதில் வருகிற விசுவாசக் கணக்கு வேறு.

ஒரு முகம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. கட்சி எது என்று சொல்லமாட்டேன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பது வயசு இருக்கும். ஒரு மஞ்சள் பை நிறைய போட்டோ கொண்டுவந்தார். தலைவருக்குச் சால்வை போடுகிற படம், தலைவர் கார் கண்ணாடியை இறக்கும்போது பக்கத்தில் நிற்கிற படம், தலைவர் எங்கேயோ பார்க்க இவர் மட்டும் கேமராவைப் பார்க்கிற படம். அதையெல்லாம் தேதிவாரியாக ஒட்டச் சொன்னார். அப்புறம் ஆறு தொகுதியிலும் தன் சமூகத்து ஓட்டு எவ்வளவு என்று ஒரு பட்டியல். அந்த எண்ணிக்கை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். "எல்லாரும் போடுததுதான் அண்ணாச்சி, நான் கொஞ்சம் கொறச்சுதான் போட்டிருக்கேன்" என்றார்.

கடைசியில் சமூக சேவை என்று ஒரு தலைப்பு. "என்னத்தையாவது பத்து வரி எழுதுங்க" என்றார்.

"என்ன மக்கா செய்தே, அதைச் சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது மூன்று நாள் பிணம் எடுத்துப் போட்டதைச் சொன்னார். அதில் இரண்டு பேர் அவர்கூடப் படித்தவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போன வள்ளக்காரர்கள் பெயரை வீடுவீடாகக் கேட்டு எழுதி, அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் பின்னால் நடந்திருக்கிறார். எனக்குக் கை ஓடவில்லை. "இதை முதல் பக்கத்தில் போடுவோம்டே" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அதுக்கெல்லாம் மார்க்கு கெடையாது. சால்வை போடுத படம் முதல்ல வரட்டு."

அப்படியே அடித்துக் கொடுத்தேன். சுனாமி எட்டாம் பக்கத்தில் ஒரு வரி.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பரீட்சைக்கு என்ன கேள்வி வருமோ அதற்குத்தானே படிப்பார்கள்? நேர்காணலுக்குப் போய்வந்தவர்கள் கடையில் வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு செலவு செய்வீங்க, உங்க சமூகம் எத்தனை சதவீதம், கட்சிக்கு எத்தனை வருஷமாக இருக்கீங்க, தலைமை யாரை நிறுத்தினாலும் வேலை பார்ப்பீங்களா. இந்த நாலு கேள்வியைத் தாண்டிப் போனதாக ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. செலவுக்குத் தேர்தல் கமிஷன் வைத்த வரம்பு 2022-இல் இருந்து 95 லட்சம். அந்த எண்ணை நேர்காணலில் சொன்னால் சிரிப்பார்களாம்.

சமூகக் கணக்கு நம்ம ஊரில் மற்ற ஊர் மாதிரி ஒரு மாடியோடு நிற்காது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, கிறிஸ்தவர்கள் 46 சதவீதத்துக்கு மேலே, முஸ்லிம்கள் நாலு சொச்சம். அதனால் முதலில் மதம். அதற்குள் சாதி. கிறிஸ்தவர் என்றால் எந்தச் சபை, ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா. பிறகு கடற்கரையா, உள்நாடா. இதெல்லாம் முடிந்தால் தக்கலைக்குக் கிழக்கா மேற்கா. டீக்கடையில் கட்டன் சாயா குடிக்கிற நேரத்தில் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கிற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அத்தனை சல்லடையிலும் சலித்த பிறகு மிஞ்சுகிறவரிடம், குளச்சல் துறைமுகத்தைப் பற்றியோ ரப்பர் விலையைப் பற்றியோ இரட்டை ரயில்பாதையைப் பற்றியோ என்ன நினைக்கிறீர் என்று கேட்கிற இடமே வரவில்லை.

வெளியூர்க்காரர் என்ற சல்லடை மட்டும் சட்டத்தில் கிடையாது. மக்களவைக்கு நிற்க 25 வயசு ஆகியிருக்க வேண்டும், நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 1967-இல் விருதுநகரில் சட்டமன்றத் தேர்தலில் தோற்ற காமராஜர், நேசமணி மறைந்ததும் 1969 ஜனவரியில் இங்கே நடந்த இடைத்தேர்தலில் நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-லும் அவர்தான். இன்றைக்கும் வயசானவர்கள் அவரை அப்பச்சி என்றுதான் சொல்வார்கள். அந்த இடைத்தேர்தலில் இந்த ஊரில் சீட்டுக்கு ஆசைப்பட்டிருந்த உள்ளூர்க்காரர் யாராவது இருந்திருப்பார். அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

வேட்பாளரைக் கட்சி எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம்ம நாட்டில் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2014-க்கு முன்னால் காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் கட்சிக்காரர்களையே ஓட்டுப் போடவைத்து வேட்பாளரை எடுத்துப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. மற்றபடி தேசியக் கட்சி என்றால் மாநிலத்தில் பட்டியல் போட்டு டெல்லிக்கு அனுப்புவார்கள். அங்கே மத்தியத் தேர்தல் குழு முடிவு செய்யும். திராவிடக் கட்சி என்றால் சென்னையில் உள்ள தலைமை அலுவலகம், அதாவது அறிவாலயம் அல்லது ராயப்பேட்டை. நேர்காணல் நாட்களில் சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிப் பாருங்கள். ஒரே பெட்டியில் ஒரே சீட்டுக்கு ஆசைப்படுகிற நாலு பேர், ஆளுக்கொரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸோடு, சென்னையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீதிமன்றம் உள்ளே வந்திருக்கிறது. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் இவரை எடுத்தோம், வழக்கு இல்லாத வேறு ஆளை ஏன் எடுக்கவில்லை என்று கட்சி காரணம் எழுதி வெளியிட வேண்டும். ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எனக்கு அதைப் படித்ததும் ஒரு யோசனை வந்தது. வழக்கு உள்ளவருக்கு மட்டும் ஏன்? எல்லா வேட்பாளருக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன? இத்தனை பேர் மனுப் போட்டார்கள், இன்னாரை எடுத்தோம், காரணம் இது என்று. டைப் செய்ய நான் காசு வாங்கமாட்டேன்.

கடைசித் தாள் ஒன்று இருக்கிறது. பி படிவம். இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கிற கடிதம். வேட்புமனு கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் அது தேர்தல் அலுவலர் கைக்குப் போக வேண்டும். கையெழுத்து மையில் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு செல்லாது, நகல் கையெழுத்து செல்லாது. என் கடையில் எதற்கும் ஜெராக்ஸ் எடுக்கலாம், அந்த ஒரு தாளுக்கு மட்டும் எடுத்துப் பிரயோசனமில்லை. அது ஒரு கையில்தான் வரும்.

நம்ம ஊரில் அந்தத் தாள் பெரும்பாலும் வேறொரு கட்சிக்காரர் கைக்குப் போய்விடும். கூட்டணி. திமுக தொண்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். 1999-இல் தாமரைக்கு ஓட்டுக் கேட்டார், 2004-இல் அரிவாள் சுத்தியலுக்கு, 2019-இல் கைச் சின்னத்துக்கு. நடுவில் 2009-இலும் 2014-இலும் தன் சொந்த உதயசூரியனுக்குக் கேட்டபோதுதான் தொண்டை திறந்தது என்பார்.

அந்தக் கடற்கரைக்காரருக்கும் அதுதான் நடந்தது. தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது என்று மத்தியானம் டிவியில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கடைக்கு வந்தார். அழுத முகமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திருந்தார். புது வேட்பாளரை வரவேற்று ஒரு போஸ்டர் அடிக்க வேண்டும், டிசைன் போடுங்க அண்ணாச்சி என்றார். வேட்பாளரின் படம் செல்போனில் கொண்டுவந்திருந்தார். மேலே தலைவர்கள், நடுவில் வேட்பாளர், கீழே இவர் பெயர்.

"உனக்க பேரு எவ்வளவு பெரிசா போடணும்?" என்று கேட்டேன்.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேட்பாளர் பேருக்குப் பாதி" என்றார். பிறகு, "வேண்டாம், கால் போதும்" என்றார்.

படம் வேண்டுமே என்றேன். "பழைய மனுவுக்கு எடுத்ததுதான் உங்க கம்ப்யூட்டர்ல கெடக்குல்லா" என்றார். அந்த ஃபைலைத் திறந்தேன். எட்டாம் பக்கத்தைத் தாண்டித்தான் படம் இருந்தது.

வணக்கம்.