ஒரு ஆஸ்பத்திரிக்காகக் கட்சியை விட்ட ஊர்

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க. நான் இப்ப கிடர்மின்ஸ்டர்ல, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரோட்டோரமா நின்னுட்டிருக்கேன். இங்கிலாந்துல, பர்மிங்ஹாமுக்குத் தென்மேற்குல இருக்குற ஊரு, கார்ப்பெட் நெசவுக்குப் பேர் போனது. சுத்திக் காட்ட வரலைங்க. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்.

என்னோட வேலை பார்க்குற நர்ஸ் தங்கச்சி ஒருத்தி, கேரளாவுல இருந்து வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. கான்டீன்ல தேர்தல் பேச்சு வந்தப்போ சொன்னா: "அக்கா, இங்க லேபர், கன்சர்வேட்டிவ்னு ரெண்டு பெரிய கட்சிதான். சின்னக் கட்சிக்குப் போட்டா ஓட்டு வீண்." எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரலை. ஏன்னா கணக்கு அவ பக்கம்தான் இருக்கு. 2024 தேர்தலையே எடுத்துக்கோங்க. லேபர் வாங்கினது சுமார் 34 சதவீதம், கிடைச்சது 411 சீட்டு. ரிஃபார்ம் கட்சி 14 சதவீதத்துக்கு மேல வாங்கி அஞ்சே சீட்டு. கிரீன் கட்சிக்கு 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, நாலு சீட்டு. தொகுதியில யாரு முதல்ல வந்தாங்களோ அவங்கதான் எம்.பி., மத்த ஓட்டுக்கெல்லாம் கணக்கே கிடையாது. 5 சதவீதம் தாண்டலைன்னா கட்டின 500 பவுண்ட் டெபாசிட்டும் போச்சு.

ஆனா இந்த ஊரு என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சா அவ அப்படிச் சொல்ல மாட்டா. அதுக்காகத்தான் இந்த வீடியோ.

நாங்க இங்க குடி வந்தப்போ எங்க பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாங்க, 80 தாண்டினவங்க. கல்யாணத்துக்கு முன்னாடி கார்ப்பெட் மில்லுல வேலை பார்த்தவங்க. சமையலறையில உக்கார வச்சு டீ போட்டுக் கொடுத்துட்டு, அவங்க அம்மா கதையைச் சொன்னாங்க. அடுப்புக்கு மேல இருக்குற பலகையில ஒரு தகர டப்பா. வாராவாரம் சம்பளத்துல ரெண்டு காசு அதுல விழும். அது டாக்டர் காசு. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல்ல டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பாங்களாம், அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிடுறதா வேணாமான்னு முடிவு. 1948 ஜூலை 5-ந் தேதி என்.எச்.எஸ்., அதாவது அரசாங்கத்தோட தேசிய மருத்துவச் சேவை, ஆரம்பிச்சப்புறம் அந்த டப்பாவுல பொத்தான் போட்டு வச்சாங்களாம். அதைச் சொல்லும்போது அந்தம்மா விரலால டப்பாவோட அளவைக் காட்டினாங்க, இவ்வளவுதான், ஒரு டம்ளர் உயரம்.

அனூரின் பெவன்னு லேபர் அமைச்சர். வேல்ஸ்ல சுரங்கத் தொழிலாளி வீட்டுல பிறந்து, தானும் சுரங்கத்துல வேலை பார்த்தவர். அவர் பொறுப்புலதான் இந்தத் திட்டம் வந்துச்சு. காசு வாங்காம வைத்தியம், வரிப்பணத்துல. அந்த ஒரு விஷயத்துக்காகவே தலைமுறை தலைமுறையா லேபருக்குப் போட்ட குடும்பங்கள் இங்க எத்தனையோ. எதிர்ப்பக்கமும் அதே மாதிரிதான், அப்பா கன்சர்வேட்டிவ்னா பிள்ளையும் கன்சர்வேட்டிவ். 1951 தேர்தல்ல இந்த ரெண்டு கட்சியும் சேர்ந்து வாங்கினது கிட்டத்தட்ட 97 சதவீத ஓட்டு. யோசிச்சுப் பாருங்க, நூத்துக்கு மூணு பேருதான் வேற யாருக்காச்சும் போட்டிருக்காங்க.

இப்ப இந்த ஊருக் கதைக்கு வரேன்.

90-கள் கடைசியில, உஸ்டர்ல தனியார் முதலீட்டுல புது ஆஸ்பத்திரி கட்டுறதா முடிவாச்சு. அதோட சேர்த்து கிடர்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியோட பெரிய வேலையெல்லாம் அங்க போகும்னாங்க. 2000-ல இங்க இருந்த ஏ அண்ட் ஈ-யை, அதாவது எமர்ஜென்சியை மூடிட்டாங்க. உஸ்டர் இங்கருந்து கிட்டத்தட்ட 15 மைல். பகல்ல கார்ல போனா பெருசாத் தெரியாது. ராத்திரியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தா அந்த 15 மைல் எவ்வளவு தூரம்னு நர்ஸுக்குத் தெரியும்.

ஊரு கொந்தளிச்சுச்சு. ஊர்வலம், கையெழுத்து எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. அப்ப ஆட்சியில இருந்தது அதே லேபர், ஆஸ்பத்திரியைக் கொடுத்த கட்சி. தொகுதி எம்.பி. டேவிட் லாக், லேபர்காரர், ஜூனியர் அமைச்சர் வேற. அவர் அரசாங்கத்தோட முடிவுக்கு ஆதரவா நின்னார். ஊர்க்காரங்க ஹெல்த் கன்சர்ன்னு தனியா ஒரு அமைப்பையே தொடங்கி, கவுன்சில் தேர்தல்ல நின்னு சீட்டும் பிடிச்சாங்க. 2001 பொதுத்தேர்தலுக்கு ரிச்சர்ட் டெய்லரை நிறுத்தினாங்க. இந்த ஆஸ்பத்திரியிலயே வருஷக்கணக்கா மூட்டு நோய் பார்த்து ரிட்டயர் ஆன டாக்டர். வயசு 66. லிபரல் டெமாக்ரட் கட்சி வேட்பாளரையே நிறுத்தாம ஒதுங்கிக்கிச்சு. ஓட்டு பிரியாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது.

ரிசல்ட் வந்துச்சு. டாக்டர் 28,487 ஓட்டு. வித்தியாசம் 17,630. ஒரு அமைச்சரை, ஒரு ரிட்டயர்டு டாக்டர், ஒரே ஒரு கோரிக்கையை வச்சு!

எங்க பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க, லேபரை விட்டுட்டு டாக்டருக்குப் போடும்போது பென்சிலைப் பிடிச்ச கை நடுங்குச்சாம். இங்க இன்னமும் பூத்துல நூல்ல கட்டின பென்சில்தான், பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி போடணும். "எங்கப்பா பார்த்துட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு" அப்படின்னாங்க. போட்டுட்டு வெளிய வந்து சர்ச் ஹால் படிக்கட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டாங்களாம். அந்த நடுக்கத்தை நான் சாதாரணமா நினைக்கலை. அந்தக் காலத்து டாக்டர் காசு டப்பாவுக்கும் இன்னிக்கு மூடின கதவுக்கும் நடுவுல நின்னு, கட்சிக்கு விசுவாசமா இருக்கணுமா, ஆஸ்பத்திரிக்கா? கட்சி எதுக்காக வேணும்னு அவங்க குடும்பம் நினைச்சுச்சோ அதுக்குத்தான் அவங்க ஓட்டுப் போட்டாங்க. எனக்கு அது துரோகமாத் தெரியலை.

சரி, டாக்டர் ஜெயிச்சாரே, ஏ அண்ட் ஈ திரும்ப வந்துச்சா? வரலை. ஒரு எம்.பி.யால அது முடியாது. சின்ன காயம், எலும்பு முறிவு பார்க்குற யூனிட் இங்க இருக்கு, ஆபரேஷன் சென்டர் இருக்கு. முழு எமர்ஜென்சி இல்லை. டாக்டர் பார்லிமென்ட்ல ஹெல்த் கமிட்டியில ஒன்பது வருஷம் உக்காந்து கேள்வி கேட்டார், 2005-ல மறுபடியும் ஜெயிச்சார், 2010-ல 2,643 ஓட்டுல கன்சர்வேட்டிவ்கிட்ட தோத்தார். அந்தத் தடவை லிபரல் டெமாக்ரட் நின்னுச்சு. 2012-ல புத்துநோய் டாக்டர் கிளைவ் பீடெல் கூடச் சேர்ந்து நேஷனல் ஹெல்த் ஆக்ஷன் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சி பார்லிமென்ட்ல ஒரு சீட்டும் ஜெயிக்கலை.

அப்போ வீண்தானேன்னு கேப்பீங்க. இல்லைங்க. அதுக்கப்புறம் எந்த ஊர்ல ஆஸ்பத்திரியில கை வைக்கணும்னாலும் கிடர்மின்ஸ்டர் பேரு அரசியல்வாதிங்க காதுல ஒலிக்க ஆரம்பிச்சுது. பத்திரமான தொகுதின்னு நினைச்சது பத்திரமில்லைன்னு ஆயிடுச்சு.

தென் லண்டன்ல லூயிஷம் கதையும் இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேரு இருக்குற ஏரியா, சிவன் கோவில் இருக்குற இடம். 2013-ல அங்க எமர்ஜென்சியைக் குறைக்க ஹெல்த் செக்ரட்டரி, அதாவது சுகாதார அமைச்சர், ஜெரமி ஹன்ட் முடிவெடுத்தார். ஊரே தெருவுல இறங்குச்சு, கோர்ட்டுக்கும் போச்சு. ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அப்பீல்லயும் அரசாங்கம் தோத்துச்சு. அந்தப் போராட்டத்தை முன்ன நின்னு நடத்தின டாக்டர் லூயிஸ் எர்வின், அப்புறம் டாக்டர் டெய்லர் தொடங்கின அந்தக் கட்சி சார்புல ஹன்ட்டோட சொந்தத் தொகுதியிலயே போய் நின்னாங்க. 2017-ல ரெண்டாவது இடம், 20 சதவீதம் ஓட்டு. கிரீன் கட்சி ஒதுங்கி வழி விட்டுச்சு. ஹன்ட்தான் ஜெயிச்சார். ஆனா அவர் வீட்டு வாசல்லயே ஆஸ்பத்திரியைப் பத்திப் பேச வச்சாங்க இல்லையா?

கிட்டத்துல ஒண்ணு. 2024-ல லண்டன் இல்ஃபோர்ட் நார்த் தொகுதியில லேபர்காரர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், ஒரு சுயேச்சைப் பொண்ணுகிட்ட வெறும் 528 ஓட்டுல தப்பிச்சு, மறுநாளே ஹெல்த் செக்ரட்டரி ஆனார். அங்க பெரிய பிரச்சனை காஸா, ஆஸ்பத்திரி இல்லை. ஆனா நாட்டோட ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பா இருக்கப் போறவரே ஒரு தெருவு ஓட்டுலதான் தப்பிச்சாருங்கிறதை மறக்காதீங்க.

நான் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுறேன்னா, மூணு வருஷம் முன்னாடி, அப்ப வேற ஊர்ல இருந்தோம், என் பையனுக்கு ராத்திரி மூச்சிழுப்பு வந்துச்சு. எமர்ஜென்சியில பிளாஸ்டிக் சேர்ல ஒன்பது மணி நேரம். அங்க இருந்த நர்ஸுங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் இல்லை, அவங்க ஓடின ஓட்டம் எனக்குத் தெரியும். மேல வார்டுல படுக்கை காலியாகலை. குணமான வயசானவங்களை வீட்டுக்கு அனுப்பினா பார்த்துக்க ஆள் இல்லை, அதனால அவங்க படுக்கையிலயே கிடக்கிறாங்க, கீழ வரவங்க சேர்லயே கிடக்கிறாங்க. நாலு மணி நேரத்துக்குள்ள 95 சதவீதம் பேரைப் பார்த்து முடிக்கணும்ங்கிற இலக்கை இங்கிலாந்து 2015-க்கு அப்புறம் எட்டவே இல்லை. இந்தப் பத்து வருஷத்துல ரெண்டு பெரிய கட்சியும் ஆட்சியில இருந்தாச்சு.

அதனால என் தங்கச்சிக்கும், உங்களுக்கும் ஒரு விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வச்சிருந்தாலும், காமன்வெல்த் நாட்டுக்காரங்க இங்க விசாவோட இருந்தா பார்லிமென்ட் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். நம்ம ஆஸ்பத்திரி வார்டுல பாதி பேருக்கு இது தெரியலை! பேரு பதிய ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம். பூத்துக்குப் போட்டோ ஐடி வேணும், இந்தியன் பாஸ்போர்ட்டே செல்லும், நான் அதைத்தான் காட்டினேன்.

கதவைத் தட்டி ஓட்டு கேக்க வரவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் நான் கேக்கிறது ஒண்ணுதான்: இந்த ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு விட முடியாத குழந்தையை எங்க கூட்டிட்டுப் போகணும், எவ்வளவு நேரத்துல பார்ப்பாங்க? போன தடவை ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டுப் போனார். இன்னொருத்தர் சின்னக் கட்சிக்காரர், உக்காந்து அரை மணி நேரம் பேசினார். பெரிய கட்சிக்காரர் ஒருத்தர் நோட்டீஸை லெட்டர் பாக்ஸ்ல போட்டுட்டுப் போயிட்டார். அந்தம்மா வீட்டுக்கும் அதேதான் நடந்துச்சாம், ஆனா அவங்க அவரைத் திரும்பக் கூப்பிட்டு, வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டிருக்காங்க.

என் பஸ் வந்துடுச்சு. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். பேரு பதிஞ்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சந்தோஷப்படுவேன்.