சிகிச்சை முடிந்த பின்னும் விடாத வலியும் அசதியும்

நேயர்களுக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, ‘கரண்ட் வைப்பது’ என்று நம் மக்கள் சொல்கிற கதிர்வீச்சும் முடிந்து, இனி சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று மருத்துவர் அனுப்பிவைத்த பிறகு, வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ அக்குளில் காந்தல் நின்றபாடில்லை. அடுப்படியில் சற்று நேரம் நின்றாலே கால் துவள்கிறது. ‘நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன?’ என்ற கேள்விக்குப் பயந்து அவர் வாய் திறப்பதும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சை அளித்துவரும் நான் இன்று சொல்ல வந்தது, இந்த வலிக்கும் அசதிக்கும் சிகிச்சை உண்டு என்பதையும், அதில் பெரும்பங்கு அளவறிந்து உடம்பை அசைப்பதே என்பதையும்தான்.

முதலில் அசதி. இது வேலை செய்து களைத்த அசதியன்று. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் போகாது. இரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு போன்றவை பின்னால் இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்துவிட வேண்டும். அவை இல்லையென்றால், படுத்தே கிடப்பது அசதியைக் கூட்டத்தான் செய்யும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் 12 வாரம் நடந்தால் அசதி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நடந்தாலும் போதும். உடம்பு சற்றே தேறிய நாளில் தக்காளி பறிக்கவும் போய், துணியையும் துவைத்து, மாலையில் ராகியையும் புடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைக்கப் பழக வேண்டும்.

அடுத்து வலி. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது, விலா எலும்புகளுக்கிடையிலிருந்து மேற்கையின் உட்புறத்துக்கு ஓடும் ஓர் உணர்வு நரம்பு அறுபடவோ இழுபடவோ நேரிடலாம். தொட்டால் மரத்திருக்கிற அதே இடம் ஜாக்கெட் கை உரசினால் காந்துவது அதனால்தான். இதற்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை பெரும்பாலும் பயன்படாது. நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இனி, நான் எங்கே போனாலும் பேசாமல் வருவதில்லை என்று உடன் பணிபுரிவோர் கேலி செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கையைத் தூக்காதே, அசைக்காதே, சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான் அது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு மாமியார் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. இடது கையை வயிற்றோடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டே வந்தார். மெல்ல உயர்த்தச் சொன்னபோது, அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து எழுந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். அறுவைக்குப் பின் சில வாரங்களில் பலருக்கு இப்படி வருவதுண்டு. பயிற்சியால் பெரும்பாலும் இளகிவிடும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி, வலி தொடங்கும் இடத்தில் சற்று நின்று இறங்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் கை எட்டிய உயரத்தில் அவர் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வந்தார். மூன்றாவது கோடு இரண்டாவதற்குக் கீழே விழுந்தது, ஏனென்றால் அந்த வாரம் மாரியம்மன் பண்டிகைக்கு மாவிடித்திருக்கிறார். பிறகு கோடுகள் ஏறின. புளிப்பானையைப் பரணில் தானே வைத்ததாக வந்து சொன்னார். அதைவிட நல்ல அளவுகோல் எங்கள் துறையில் இல்லை.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பின் வரக்கூடிய கை வீக்கத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே இரண்டு குடம் தூக்கிவிடாதீர்கள். சிறிது சிறிதாக என்றேன்.

நோய் திரும்பாமலிருக்கத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் சாப்பிடுவோரில் பலருக்குக் காலையில் விரலும் முழங்காலும் விறைத்துக்கொள்ளும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார், உடற்பயிற்சியும் இந்த வலியைக் குறைக்கும். நம் இரு மாவட்டங்களிலும் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பல ஊர்களின் போர்த் தண்ணீரில் ஃபுளூரைடு மிகுதி, அதுவும் மூட்டையும் முதுகையும் இறுக்கும். ஆகவே எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தூக்கத்தையும் மனத்தையும் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் இடம் தரவில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் எலும்பு வலி, இரவில் எழுப்பும் முதுகு வலி, மூச்சுத்திணறல், புதிய கட்டி, கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருவது ஆகியவற்றைப் பழைய வலி என்று தள்ளிப்போடாமல் உடனே காட்ட வேண்டும். மருத்துவமனைக்கு அடிக்கடி வர முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பதை அறிந்து, உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வணக்கம்.