பழைய பியானோவின் ஊர் எது, விலை என்ன?

வணக்கம் நேயர்களே. சென்னையிலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது சுவரோரம் ஒரு பியானோ நிற்பதைப் பார்க்கிறோம். தாத்தா காலத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விலையை அப்புறம் பேசலாம், முதலில் அதை யார் செய்தார்கள் என்று பார்ப்போம்.

வாசிக்கும் கட்டைகளுக்கு மேலே தங்க எழுத்தில் இருக்கும் பெயரை உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்து வியாபாரிகள் பலர் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்த பியானோக்களை வரவழைத்து, தங்கள் கடைப் பெயரைப் போட்டு விற்றார்கள். மெட்ராஸில் 1842-ல் தொடங்கிய மிஸ்குவித் கடைதான் இன்றைக்கு அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல். அப்படி ஒரு கடையின் பெயர் இருந்தால் அது எங்கே விற்றது என்று தெரியும், எங்கே பிறந்தது என்று தெரியாது.

மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்புச் சட்டத்திலோ பக்கத்து மரத்திலோ வரிசை எண் அச்சடித்திருக்கும். இரும்போடு இரும்பாக வார்த்துப் புடைத்திருக்கும் எண் பெரும்பாலும் சட்டத்தை வார்த்த அச்சின் எண், அதை வைத்துக்கொண்டு வருடம் தேடினால் குழப்பம்தான். சரியான எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் கிடைத்துவிட்டால், பெக்ஸ்டைன், புளூத்னர், பிராட்வுட் போன்ற பெரிய பெயர்களுக்கு எண்வாரியான ஆண்டுப் பட்டியல்களே இருக்கின்றன. எண் அழிந்துபோயிருந்தால் இடது கோடியில் இருக்கும் முதல் கட்டையை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள், அதன் பக்கவாட்டில் சுருதி சேர்க்க வந்த பழைய ட்யூனர்கள் பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் முகப்புத் தங்க எழுத்தைவிட மதிப்பானது.

சரி, விலை. வயது கூடக் கூட விலை கூடும் என்பது பியானோவுக்குப் பொருந்தாது. உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து பதினைந்து டன்னுக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன, அந்த இழுப்பில் பெரும்பகுதியைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம், ஆனால் கம்பிகளைச் சுற்றியிருக்கும் ஆணிகளை நழுவாமல் பிடித்துக்கொள்வது அவை இறங்கியிருக்கும் மரப்பலகை, நம் ஊர் ஈரத்திலும் வெயிலிலும் அது விரிந்து சுருங்கி விரிசல் விட்டுவிட்டால் எத்தனை தடவை சுருதி சேர்த்தாலும் நிற்காது. கரையான் இன்னொரு எதிரி. அதனால் பாலிஷுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒரு நல்ல ட்யூனரைக் கூப்பிட்டு ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பலகை போயிருந்தால், பழுதுபார்க்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொன்று. வெள்ளைக் கட்டையின் மேல்தகடு ஒரே துண்டாக இல்லாமல், கறுப்புக் கட்டைகளின் முனைக்கு நேரே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தைத் தடை செய்கின்றன. விற்கும் பேச்சை எடுப்பதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.